மணி அடித்தவரை ஏசக்கூடாது

என்னிடம் வேலை செய்த ஒரு பெண்ணை, பலர் கூடி நின்ற இடத்தில், ஒரு பகிடியால் நான் சிறுமைப்படுத்தினேன். அவர் செய்தது நான் செய்யச் சொன்ன காரியம். அதனால் வந்த குழப்பத்துக்குப் பொறுப்பு என்னுடையது. அதை ஏற்கத் துணிவில்லாமல், அவர் பிறந்த இடத்தைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் புகுந்து நான் தப்பிக்கொண்டேன். அவருக்கு அதிலிருந்து ஒரு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஏற்கெனவே பரப்பியது போதும்.

இது நடந்தது தொண்ணூறுகளின் முற்பகுதியில், புதுக்குடியிருப்பில், ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமான, வாகனம் திருத்தும் கராஜில். நான் அதன் பொறுப்பாளனாக இருந்தேன்.

அதற்கு முன்பு தெற்கே ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து பெட்டிகளில் வரும் பாகங்களைப் பொருத்திக் கார் ஆக்கும் இடம். அவர்கள் என்னைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்த தொழிற்சாலையில் எதுவும் குவிந்து கிடக்கவில்லை. ஒரு பாகம் தேவைப்படும் வேளையில் அது தொழிலாளியின் கைக்கு வந்தது. அதைவிட என்னை மயக்கியது வேறொன்று. ஒவ்வொருவரின் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கியது. பிழை கண்ட எவரும் அதை இழுக்கலாம். இழுத்தால் முழு வேலையும் நிற்கும். மேற்பார்வையாளர் ஓடி வருவார். வந்ததும் முதலில் நன்றி சொல்வார். என்ன பிழை என்று கேட்பது அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம் சேர்த்து இப்போது 'லீன்' முறை என்கிறார்கள். ஊர் திரும்பி என் தொழிற்சாலையில் விளக்கினேன். மேலதிகாரிகள் கவனமாகக் கேட்டார்கள். கையிருப்பைக் குறைப்பதையும் ஆட்களைக் குறைப்பதையும் எடுத்துக்கொண்டார்கள். நன்றியை விட்டுவிட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தொண்ணூறில் சண்டை மூண்டபோது விடுமுறையில் மனைவியின் ஊரில் நின்றேன். பாதை மூடியது. திரும்பிப் போகவில்லை. சங்கம் கூப்பிட்டுக் கராஜைத் தந்தது.

அது ஒரு நீளமான தகரக் கொட்டகை. முன்னால் ஒரு பெரிய பாலை மரம், பின்னால் குண்டுவீச்சுக்கு ஒளிய வெட்டிய ஒரு பங்கர். சங்கத்தின் லொறியும் உழவு இயந்திரங்களும் அங்கேதான் வரும். ஆனால் எங்கள் பெருமை பழைய இங்கிலாந்துக் கார்கள். பெற்றோல் வரத் தடை. புதுக் கார்களுக்கு மண்ணெண்ணெய் ஒத்துவராது. ஆகவே கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த கிழட்டுக் கார்களை ஊர் ஊராகப் போய் இழுத்து வந்தோம். செத்த கார்கள் மூன்றைப் பிரித்து ஓடுகிற கார் ஒன்றை எடுப்போம். ஒன்றின் எஞ்சின், இன்னொன்றின் கதவு, மூன்றாவதின் சில்லு. நிறங்கூட மூன்றாக இருக்கும். நான் அதை மனதுக்குள் கார்த் தொழிற்சாலை என்றே சொல்லிக்கொள்வேன்.

மண்ணெண்ணெயில் எஞ்சின் குளிரில் பிடிக்காது. முதலில் கொஞ்சம் பெற்றோல் காட்ட வேண்டும். தலைமை மெக்கானிக்கிடம் ஒரு கண்மருந்துப் போத்தல் இருந்தது. அதில் பெற்றோல் வைத்திருப்பார். எஞ்சினின் வாயைத் திறந்து, தலையைச் சரித்து, சொட்டுச் சொட்டாக விடுவார். எஞ்சின் இருமும், தும்மும், வெள்ளைப் புகை கக்கும், பிறகு ஓடும். அந்தக் காரில் கலியாணத்துக்குப் போகிறவர்கள் பட்டுச் சேலையோடு மண்ணெண்ணெய் மணக்கப் போய் இறங்குவார்கள். அங்கே வந்திருக்கும் எல்லோரும் அதே மணம் என்பதால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

தலைமை மெக்கானிக் வெற்றிலை வாயும் பெரிய வயிறுமாக இருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனக் காணி கிடைத்து வந்த குடும்பம். வயலையும் பார்த்துக்கொண்டு கராஜுக்கும் வருவார். நான் வேலையில் சேர்ந்ததும் செய்த முதற் காரியம், தேவையற்ற சாமான்கள் எல்லாவற்றிலும் சிவப்புப் பெயின்ற் பூசியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றார்.

"உது என்ன ஐயா, சிவப்பு?"

"தேவையில்லாத சாமான். அகற்றிறதுக்கு அடையாளம்."

"அப்ப என்ரை முதுகிலையும் ஒரு கோடு இழுத்து விடுங்கோ."

சிரித்து முடிந்ததும், ஜப்பானில் சாமான் வேண்டிய நேரத்துக்கு வேண்டிய அளவில் வரும், குவித்து வைப்பது வீண் என்று விளக்கினேன்.

"எங்களுக்கும் வரும்தானே ஐயா. தாண்டிக்குளத்திலை ஒருக்கா நிக்கும். ஆமிக்காரன் அவிட்டுக் கொட்டிப் பாப்பான். பற்றரி எண்டால் பறிப்பான், வயர் எண்டால் பறிப்பான். மிச்சம் பாதை திறந்தால் வரும். உங்கடை ஜப்பான்காரனை ஒருக்கா அந்தப் பாதையாலை வரச் சொல்லுங்கோ."

அந்த விடயத்தில் நான் இறங்கி வந்தேன். எந்தக் காலையிலும் பாதை மூடக்கூடிய ஊரில் பழைய இரும்புக் குவியல் எங்கள் தொழிற்சாலையின் களஞ்சியம். குவியல் இருக்கட்டும், ஆனால் ஒழுங்காக இருக்கட்டும் என்று இரண்டு பேரும் சம்மதித்துக்கொண்டோம். ஸ்பனர்களுக்குப் பலகை அடித்து, ஒவ்வொன்றின் உருவத்தையும் கரியால் கீறி, அந்தந்த இடத்தில் தொங்கவிட்டேன். பகிடி பண்ணினார்கள். ஆனால் ஒரு வாரத்தில், "பதினாலாம் நம்பர் எங்கை?" என்று கத்துகிற சத்தம் கராஜில் நின்றுபோனது. அந்தப் பலகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோசம்தான். தலைமை மெக்கானிக் மட்டும் தன் ஸ்பனரை இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தார்.

அந்தக் குவியலைப் பிரித்து ஒழுங்காக்கியவர்தான் நான் சொல்லும் பெண்.

அவர் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு, சிறுபிள்ளையாக, தாய் தகப்பனுடன் லொறியில் வன்னிக்கு வந்தவர். பரந்தன் வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு குடியேற்றத்தில் தாயோடும் தமையனோடும் இருந்தார். மிளகாய்த் தோட்டங்களில் களை பிடுங்கப் போனவர், கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவும் வேலைக்கு எங்களிடம் வந்தார். கழுவியதோடு நிற்காமல், நட்டுகளையும் போல்ட்டுகளையும் பால்மா ரின்களில் இனம் பிரித்துப் போட்டார். எங்கிருந்து கழன்றது என்று ஒவ்வொரு ரின்னிலும் ஒரு படம் கீறினார். சில்லுக்கு ஒரு வட்டம், கதவுக்கு ஒரு கைபிடி.

ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, கழுவுறது மட்டுந்தானா? பூட்டவும் விடுவீங்களா?"

"பூட்ட ஆசையோ?"

"கழட்டுறப்ப பாத்துக்கிட்டேதான இருக்கேன். அந்த மேசையில உக்காந்து ஒரு எஞ்சினு பூட்டிட்டேன்னா, அதுக்கப்புறம் என்னைய யாரும் களை புடுங்கக் கூப்பிட மாட்டாங்க."

கொட்டகையின் நடுவில் ஒரு நீள மேசை இருந்தது. எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுகிறவர்கள் அதில்தான் வேலை செய்வார்கள். அந்த மேசையில் இடம் கிடைத்தால் மெக்கானிக். இல்லாவிட்டால் எத்தனை வருடம் நின்றாலும் கூலி. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"தைப்பொங்கலுக்குப் பிறகு உம்மை மேசைக்கு எடுக்கிறன்," என்றேன்.

அடுத்த நாள் அவருடைய தாய் ஒரு சருவச்சட்டி நிறையக் கடலை அவித்து அனுப்பியிருந்தார். தலைமை மெக்கானிக் ஒரு கை அள்ளிக்கொண்டு, "மேசை கிடைக்க முதலே விருந்தோ? அப்ப எஞ்சின் பூட்டினால் ஆடு அடிக்கவேணும்," என்றார். "ஆட்டைப் பூட்டச் சொல்லாம இருந்தா சரிங்க," என்றார் அந்தப் பெண். எல்லோரோடும் அப்படிப் பகிடியாகப் பேசுகிற ஆள்.

இனி மணி. மின்சாரம் இல்லாத ஊரில் ஜப்பானைப்போலக் கயிற்றை இழுத்து விளக்கு எரிய வைக்க முடியாது. ரயில் பாதையைக் கிளப்பிப் பங்கர்களுக்குப் போட்டிருந்த காலம். ஒரு துண்டுத் தண்டவாளம் வாங்கிவந்து பாலை மரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி. தேநீர் நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பிழை எண்டு நினைச்சால் ஆரும் அடிக்கலாம். அடிச்ச உடனை வேலை நிக்கவேணும். அடிச்சவரை ஒருத்தரும் ஏசக்கூடாது. நான் முதலிலை நன்றிதான் சொல்லுவன்."

"வந்து பாக்கப் பிழை இல்லாட்டில்?" என்று தலைமை மெக்கானிக் கேட்டார்.

"அப்பவும் நன்றிதான்."

"அப்ப நான் ஒவ்வொரு தேத்தண்ணி நேரத்துக்கும் அடிக்கிறன்."

நான் யோசிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தால் எங்கள் பக்கத்தில் எச்சரிக்கைக்கு அடிப்பதும் இதுபோன்ற தண்டவாளத் துண்டைத்தான். நான் சோதனைக்காக முதல்முறை அடித்தபோது எதிரில் இருந்த தேநீர்க்கடை ஒரு நொடியில் காலியாகிவிட்டது. பிறகு கடை கடையாகப் போய்ச் சொன்னேன். இரண்டு அடி என்றால் கராஜ். விடாமல் அடித்தால் பொம்மர். பக்கத்து ரியூசன் கொட்டிலில் மாஸ்டர் அதைப் பிள்ளைகளுக்குப் பாடம்போலச் சொல்லிக்கொடுத்தார்.

ஆண்கள் ஒருவரும் அடிக்கவில்லை. எங்கள் ஊர்களில் ஒருவரின் பிழையைக் கண்டால் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போய்க் காதுக்குள் சொல்வதுதான் மரியாதை. பலரறிய மணி அடித்தால் அது இரண்டு குடும்பங்களின் சண்டை. அடுத்த கலியாணத்துக்கு வரமாட்டார்கள். நான் அதை ஒரு பழக்கம் என்றும் மாறிவிடும் என்றும் நினைத்தேன்.

அடித்தவர் அந்தப் பெண் ஒருவர்தான். அந்த ஊரில் அவருக்குப் பகைக்கவும் சொந்தம் இல்லை. முதல்முறை, எஞ்சினின் மூடிக்குக் கீழே வைக்கும் கஸ்கற் மாறி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு இரண்டு அடி அடித்தார். ஓடிப்போய், எல்லோருக்கும் கேட்க, நன்றி சொன்னேன். வைத்தது தலைமை மெக்கானிக். முகம் கறுத்தது. கழற்றி மாற்றி வைத்துவிட்டு, பின்னேரம் போகும்போது, "பிள்ளை, என்ரை மனிசிக்கு மட்டும் உந்த மணியைக் காட்டிப்போடாதை," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் வீடு போன நடை எனக்கு நினைவிருக்கிறது. ஜப்பானில் கண்டதைப் புதுக்குடியிருப்பில் கொண்டுவந்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

மாரி தொடங்கியிருந்தது. சங்கத் தலைவரின் மகனுக்கு முள்ளியவளையில் கலியாண எழுத்து, அதாவது பதிவு. அதற்கென்றே ஒரு காரைத் தயாராக்கியிருந்தோம். எல்லாப் பக்கமும் ஒரே நிறம் பூசிய முதற் கார். காலையில் தலைவர் பட்டு வேட்டி சால்வையோடு காரை எடுக்க வந்துவிட்டார். தலைமை மெக்கானிக் எஞ்சினைக் கிளப்பி, நின்றுவிடாமல் இருக்க இரைய விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் காரின் முன்பக்கத்தைப் படுத்துக் கிடந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரியறிங்கைச் சில்லோடு இணைக்கும் தண்டின் நுனியில் ஒரு நட்டு இருக்கும். அது கழராமல் இருக்க ஒரு சின்னப் பின் குத்தியிருக்கும். அந்த இடத்தில் பின் இல்லை என்று அவர் கண்டார். எழும்பிப் போய் இரண்டு அடி அடித்தார். எஞ்சின் இரைச்சலில் ஒருவருக்கும் கேட்கவில்லை. தலைவர் கார்க் கதவைத் திறந்து ஏறப் போனார். அந்தப் பெண் மறுபடி அடித்தார். அதற்குப் பிறகு நிறுத்தாமல் அடித்தார்.

அது எல்லோருக்கும் கேட்டது.

தேநீர்க்கடையில் இருந்தவர்கள் ஓடினார்கள். ரியூசன் பிள்ளைகள் கொப்பிகளைப் போட்டுவிட்டு வரிசை கலைந்து ஓடினார்கள். எங்கள் பங்கருக்குள் முந்தின நாள் மழைத் தண்ணீர் முழங்கால் மட்டும் நின்றது. அதற்குள் முதலில் குதித்தவர் தலைவர். அவருக்கு மேல் வெல்டிங் வேலை செய்பவர் விழுந்தார். நானும் ஓடினேன். இரண்டு அடி, விடாத அடி என்ற விதியைக் கண்டுபிடித்த நானே, காதைப் பொத்திக்கொண்டு தண்ணீருக்குள் குந்தியிருந்தேன். விமானச் சத்தம் வரவில்லை. எஞ்சின் இரைச்சலும், அதற்கு மேலே மணியும், "வண்டிய நிப்பாட்டுங்க, பின்னு இல்லீங்க," என்ற அவருடைய குரலும் கேட்டன.

வெளியே வந்தோம். தேநீர்க்கடைக்காரர் கருகிய வடைச் சட்டியோடு வந்து நின்றார். மாஸ்டர் வந்தார். அவர் பின்னால் பிள்ளைகள். தலைவரின் பட்டு வேட்டி இடுப்புவரை களிமண்.

தலைமை மெக்கானிக் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். "பின் இருக்கு. வேலிக் கம்பி வெட்டிப் போட்டு, மற்றப் பக்கத்தாலை வளைச்சு விட்டனான். இந்தப் பக்கத்தாலை பாத்தால் தெரியாது."

அந்தப் பெண் போய் மற்றப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "ஆமாங்க. நான் பாக்கலீங்க," என்றார்.

தலைவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "உதுதானோ உம்மடை ஜப்பான் மணி?"

நான் சொல்லவேண்டியது ஒரு வசனம்தான். ஓம், என்ரை மணி, நான்தான் அடிக்கச் சொன்னனான். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் திரும்பி, பிழை இல்லாவிட்டாலும் நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். பிழை இல்லாதபோது சொல்கிற நன்றிதான் அந்த முறையின் உயிர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தலைவரின் முகத்தைக் கண்டேன். என் பொறுப்பாளர் கதிரை ஆடுவதுபோல இருந்தது.

"தோட்டத்திலை பெரட்டுக்கு அடிச்சுப் பழகின கை, ஐயா," என்றேன். "துவங்கினால் அதுகளுக்கு நிப்பாட்டத் தெரியாது."

பெரட்டு என்பது தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளர்களைக் கூட்டிக் கணக்கெடுப்பது. அதற்குத் தப்புப் பறை அடிப்பவர்கள் தோட்டத்து நிர்வாகத்தின் ஏவலுக்கு அடிப்பவர்கள். அந்தப் பெண் தோட்டத்தைச் சின்னப் பிள்ளையாக விட்டு வந்தவர். வாழ்நாளில் எதற்கும் அடித்ததில்லை. நான் அதை அறிந்துதான் சொன்னேன்.

முதலில் தலைவர் சிரித்தார். பிறகு கடைக்காரர். கோபமாக வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வெல்டிங்காரர் என் வசனத்தைச் சுருக்கி ஒரே சொல்லாக்கி அந்தப் பெண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார். ரியூசன் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் அந்தச் சொல் சந்தைவரைக்கும் போய்விட்டது.

அந்தப் பெண் அழவில்லை. கம்பியை இருந்த இடத்தில் மாட்டிவிட்டு, சீலைத் துண்டை எடுத்து, காரின் முன்பக்கத்தைத் துடைத்து முடித்தார்.

பொங்கல் வந்து போனது. மேசையில் இடத்தை, புதிதாக வந்த ஒருவருக்குக் கொடுத்தேன். அந்தப் பெண்ணிடம், "இன்னும் கொஞ்ச நாள் பாப்பம்," என்றேன். "சரிங்க," என்றார். உண்மை என்னவென்றால், அவரை மேசையில் வைத்தால் தலைவர் வரும்போதெல்லாம் அந்த நாள் நினைவுக்கு வரும் என்று பயந்தேன். ஒருநாள் காலையில் வந்து, நாளையிலிருந்து வரவில்லை என்றார். ரின்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எதில் இருக்கிறது என்று எனக்குக் காட்டினார். "படம் எல்லாம் அழிஞ்சா மறுபடி கீறிக்குங்க ஐயா," என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு கராஜ் நன்றாகத்தான் ஓடியது. பலகையில் ஸ்பனர்கள் தொங்கின. நிலம் துப்புரவாக இருந்தது. வந்து பார்த்தவர்கள் பாராட்டினார்கள். மணி மட்டும் துருப்பிடித்தது.

பிறகு ஒரு வான் எங்களிடமிருந்து போய், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட முன்சில்லுக் கழன்று வயலுக்குள் இறங்கியது. சேற்றில் புதைந்ததால் ஒருவருக்கும் காயமில்லை. உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தார்கள். சில்லு நட்டுகள் சரியாக இறுகவில்லை. விசாரித்தபோது, வெல்டிங்காரர் அதை முதல் நாளே கண்டிருந்தார் என்று தெரிந்தது.

"கண்டனீர். பிறகேன் அடிக்கேல்லை?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "அடிச்சிட்டு, பிழை இல்லாமல் இருந்திருந்தால்? எனக்கும் ஒரு பேர் வைப்பியள் ஐயா."

அந்தப் பெயரை வைத்த ஆளே அதைச் சொன்னார். அவர் குத்திச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். தெற்கில் என் மேலதிகாரிகளை எவ்வளவு ஏசியிருப்பேன். அவர்கள் நன்றியைத் தொடங்கவே இல்லை. நான் தொடங்கி, ஒருவரை நம்பவைத்து, நம்பியவரையே அடித்தேன்.

அந்தப் பெண்ணின் குடும்பம் துணுக்காய்ப் பக்கம் போய்விட்டது என்று சொன்னார்கள். சைக்கிளில் போனேன். வழியில் ஓர் இரவு தங்க வேண்டியிருந்தது. வயல்களுக்கு நடுவில் அவர்களுடைய மண் வீடு. முற்றத்தில் ஒரு மரத்துக்குக் கீழே நாலு மரக் கப்பு நட்டுப் பலகை அடித்த மேசை. அதில் ஒரு தண்ணீர்ப் பம்ப் பிரித்துக் கிடந்தது. பக்கத்தில் ரின்கள். வயல் செய்யும் கமக்காரர்களின் பம்புகளுக்கும் மண்ணெண்ணெய்தான். அவை அடிக்கடி அடைத்துக்கொள்ளும். தமையன் கொண்டுவந்த ஒன்றைத் திறந்து பார்த்ததில் தொடங்கியதாம்.

"உக்காருங்க ஐயா. கை கழுவிட்டு வர்றேன்."

வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்தார். நான் செய்தது பிழை என்று சொன்னேன். மன்னிக்கச் சொன்னேன். மேசையில் இடம் இருக்கிறது, வரலாம் என்றேன். அவர் பம்பின் ஒரு பாகத்தை எடுத்து ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க வச்சு சொன்னீங்க அதை?"

"கராஜிலை."

"யாரெல்லாம் நின்னாங்க?"

"எல்லாரும்தான்."

"அப்ப மன்னிப்ப மட்டும் எதுக்கு இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீங்க? இங்க அம்மாவுக்கும் மாட்டுக்கும்தான கேக்கும்."

"வந்து நில்லும். எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன்."

"நான் வரலீங்க. நீங்க சொல்லுங்க. சொன்னீங்கன்னா இங்க வந்து சேரும். அந்தப் பேரு வந்து சேந்துச்சுல்ல."

திரும்பி வந்து இரண்டு கிழமை இழுத்தடித்தேன். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் ஒரு தேநீர் நேரத்தில் கடைக்காரரையும் மாஸ்டரையும் தலைவரையும் கூப்பிட்டு, பாலை மரத்தடியில் நின்று சொன்னேன். மணி என்னுடையது, விதி என்னுடையது, அவர் விதிப்படி நடந்தார், இரண்டு அடி கேட்காததால்தான் விடாமல் அடித்தார், நான் என் கதிரைக்குப் பயந்து அவரைக் கேவலப்படுத்தினேன் என்றேன். மேசையில் அவருக்கு உரிய இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்ததையும் சொன்னேன்.

"உதுக்கோ மெனக்கெட்டு என்னைக் கூப்பிட்டனீர்?" என்றார் தலைவர். ஆனால் எழும்பிப் போகவில்லை. தலைமை மெக்கானிக் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"நானும் சிரிச்சனான்," என்றார். "வேலிக் கம்பியாலை பின் போட்டிட்டு, அதை ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டதும் நான்தான். அதையும் சேத்துக்கொள்ளுங்கோ."

எங்களைக் கண்டிருந்தால் அடி வாங்கிய பள்ளிக்கூடப் பெடியள் இரண்டு பேர்போல இருந்திருக்கும். எனக்கு அந்த மனிதர் மீது அன்றைக்கு வந்த அன்பு இன்றைக்கும் குறையவில்லை.

செய்தி போய்ச் சேர்ந்தது. துணுக்காய்க்குக் கிட்ட மல்லாவிக்குப் போய்வரும் பஸ் நடத்துனர் பதில் கொண்டுவந்தார். "கேள்விப்பட்டாவாம். சரியாம். மேசை வேண்டாமாம், தன்னட்டை ஒண்டு இருக்காம்." யார் சொல்லியனுப்பியது என்று கேட்டபோது, நடத்துனர் அவரைக் குறிப்பிட்டது என் பகிடியில் பிறந்த அந்தப் பெயரால்தான். நடத்துனருக்கு அது கேலி என்றே தெரியாது.

அதற்குப் பிறகு, எங்கே யார் அந்தப் பெயரைச் சொன்னாலும் திருத்தினேன். சந்தையில், பஸ்ஸில், செத்தவீட்டில் கூட. அவாவுக்கு ஒரு பேர் இருக்கு, அதைச் சொல்லுங்கோ என்பேன். ஏன் என்று கேட்பார்கள். விளக்குவேன். என் பிழையை மறைக்காமல் சொல்கிறேன் என்பதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது. இப்படி வருடக்கணக்கில் செய்தேன். இதற்கிடையில் இடம்பெயர்ந்தவர்கள் வந்து நிறைந்தார்கள், கராஜ் சுருங்கியது, நானும் வேலையை விட்டேன்.

இரண்டாயிரத்துக்குக் கிட்ட ஒரு காரியமாகத் துணுக்காய் போனபோது அவர் வீட்டுக்கும் போனேன். மரத்தடி மேசைக்கு மேல் கூரை போட்டிருந்தது. பம்புகள் வரிசையில் கிடந்தன. அவருக்குத் தலையில் நரை தெரிந்தது. எனக்குத் தேநீர் தந்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். நீங்க அந்தப் பேரச் சொல்றவங்கள எல்லாம் புடிச்சுத் திருத்துறீங்களாமே."

"ஓம். அது என்ரை கடமை."

"விட்டுருங்க ஐயா."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இங்க அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு யாருக்கும் தெரியாது. பம்பு சரி பண்ற பொம்பளைன்னுதான் நெனைக்கிறாங்க. நீங்க திருத்தினா, ஏன்னு கேக்கிறாங்க. ஏன்னு சொல்றப்போ பெரட்டு, தோட்டம், மணி, அன்னைக்கு நீங்க சொன்னது, எல்லாம் மொதல்லருந்து வருது. போன மாசம் முல்லைத்தீவுலருந்து வந்த ஒரு ஆளு, பம்ப வச்சுட்டு, அந்தக் கதையச் சொல்லி என்னையப் பாத்து, ஐயோ பாவம்னாரு. எனக்கு அதுதாங்க தாங்கல."

"எனக்கு உது இவ்வளவு நாளும் விளங்கேல்லை," என்றேன்.

"பரவால்லீங்க. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

குடித்துவிட்டு விடைபெற்றேன். வீதிச் சந்தியில் ஒரு கமக்காரர் சைக்கிளின் பின்னால் பம்பைக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். என்னை மறித்து, அந்தப் பெயரைச் சொல்லி, அவா வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

வாய்வரை வந்த திருத்தத்தை விழுங்கினேன். கையை நீட்டி, "நேரை போய் இடக்கைப் பக்கம், கூரை போட்ட மேசை தெரியும்," என்றேன்.